நாற்பத்தொரு டிகிரி

பதினேழு வருஷம் கதவு தட்டியவள் நான்.
கழுத்தில் அட்டை, பையில் தெர்மாமீட்டர்,
அக்குளில் மஞ்சள் நோட்டீஸ் புத்தகம்.
மார்லிஸ் ஃபூர்ஹீஸ், மாவட்டச் சுகாதார அலுவலகம்.
யாரும் எனக்கு ஒரு வாய் காபி தந்ததில்லை.

சட்டம் அப்போது இப்படி:
ரொட்டி விற்கலாம்,
பாலாடைக்கட்டி வைத்த ரொட்டி கூடாது.
ஆப்பிள் ஜாம் ஆகும், இறைச்சி வைத்தது எதுவும் ஆகாது.
பத்துப் பேரைக் கூப்பிட்டுச் சும்மா பரிமாறினால் விருந்து.
அதே தட்டுக்குப் பதினோரு டாலர் வாங்கினால் குற்றம்.
கிருமிக்குக் காசு வாசனை தெரியுமோ என்று
ஒரு லாரி டிரைவர் கேட்டான்.
பதில் எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஆனாலும் கேளுங்கள்.
ஓர் அக்டோபரில்
வீட்டில் அடைத்த பச்சை பீன்ஸ், ஒரே ஒரு ஜாடி.
மூடி கொஞ்சம் உப்பியிருந்ததாம்.
பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்வின்
ஆறு வாரம் கிடந்தான்,
தொண்டையில் குழாய், தூக்க முடியாத இமை.
அவன் மனைவி விரலால் அந்தக் கண்ணைத் திறந்து
"பாரு, மார்லிஸ் வந்திருக்கா" என்றாள்.
அந்தக் கண் என்னைப் பார்த்தது.
என் நோட்டீஸ் புத்தகம் வெறும் காகிதம் என்று
என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

ரஸேமா டெலிச் வீட்டுக்கு மூன்று முறை போனேன்.
போஸ்னியாக்காரி. இறைச்சி ஆலையில் இரவு ஷிப்ட்.
பகலில் மேஜை நிறைய மாவை இழுப்பாள்,
விரிப்பில் அச்சான பூக்கள்
மாவின் மேல் பூக்கும் வரை.
உள்ளே மாட்டிறைச்சி, வெங்காயம், மிளகு;
பாம்பு சுருண்டது போலத் தட்டில் சுருளும் புரேக்.
விற்பனை டயர் கடைக்குப் பின்னால்,
டிக்கியைப் பாதி திறந்து,
துப்பாக்கி கைமாறுவது போல.

மூன்றாவது நோட்டீஸில் கையெழுத்துப் போட்டவள்
ஒன்றே ஒன்று கேட்டாள்:
"குளிர் எவ்வளவு? சூடு எவ்வளவு?"
நாற்பத்தொன்றுக்குக் கீழே, என்றேன்.
இல்லையென்றால் நூற்று முப்பத்தைந்துக்கு மேலே.
இடைப்பட்டதெல்லாம் ஆபத்து.
அவள் தன் மொழியில் அந்த எண்களை
வீட்டு விலாசம் மனப்பாடம் செய்வது போல
இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள்.

அப்புறம் தலைநகரில் யாரோ கை தூக்கினார்கள்.
எங்களுக்கு ஒரு பக்கச் சுற்றறிக்கை.
இறைச்சி வைத்ததும் இனி ஆகும்.
உரிமம் எடு, லேபிள் ஒட்டு, விற்றுக்கொள்.
நான் அதை இரண்டு முறை படித்து
ஆர்வினின் கோப்புக்கு மேலே வைத்தேன்.
அங்கேதான் இடம் இருந்தது.

முதல் சனிக்கிழமை, பனி விலகாத காலை.
அட்டையைக் காரிலேயே கழற்றிவிட்டுத் தட்டினேன்.
சங்கிலி அளவுக்குக் கதவு திறந்தது.
ரஸேமா என் முகத்தைப் பார்க்கவில்லை.
கழுத்தைப் பார்த்தாள்.
வெறும் கழுத்து.
"எத்தனை?"
"ஒண்ணு."

அவனைத் திறந்து தட்டை எடுத்தாள்.
ஏப்ரன் பையிலிருந்து ஒரு தெர்மாமீட்டர்,
சுருளின் நடுவில் செருகி
எண்ணை என் பக்கம் திருப்பினாள்.
நூற்று எழுபத்திரண்டு.
எப்போது வாங்கினீர்கள் இதை?
"நீங்க முதல் தடவை வந்துட்டுப் போன மறுநாள்."
ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு பள்ளி நோட்டு தொங்கியது,
நாலு வருஷம், ஒவ்வொரு தட்டுக்கும்
தேதி, மணி, டிகிரி.
காட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை.
நானும் கேட்கவில்லை, மூன்று முறையும்.

பெட்டியில் வைத்து லேபிள் ஒட்டினாள்.
கோதுமை, மாட்டிறைச்சி, வெங்காயம்.
கீழே, சட்டம் சொன்ன வரி:
இது ஆய்வுக்கு உட்படாத வீட்டுச் சமையலறையில் தயாரானது.
விரலால் அந்த வரியைத் தட்டினாள்.
"இது பொய்தானே?
நீங்க மூணு தடவை வந்தீங்களே."

பதினோரு டாலரை எண்ணிக் கொடுத்தேன்.
எஞ்சினைப் போடாமல்
காரிலேயே உட்கார்ந்து பிய்த்துத் தின்றேன்,
ஸ்டியரிங்கெல்லாம் எண்ணெய், நாக்கு சுட்டது,
நூற்று முப்பத்தைந்துக்கு
அது இறங்குவதற்குள்.